ஊம் கொட்டும் குளியலறை

அம்மா குளிக்கிற சத்தத்தை வைத்தே அவள் எந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். முதுகென்றால் மூச்சு வாங்கும். காலென்றால் வளையல் பக்கெட் விளிம்பில் இடிக்கும். தலைக்கு ஊற்றும்போது மட்டும் ஒன்றும் கேட்காது. தண்ணீர் தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கும், அவள் எங்கேயோ போய்விட்டு வருவாள். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். இப்போது அதை ஒரு நீளமான வராந்தாவின் கோடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறேன். உட்கார்ந்து என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. எழுந்து நாலு தூண் நடப்பேன், திரும்பி வருவேன், நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப்போடுவேன், மறுபடி இழுத்துப்போடுவேன்.

"இந்தப் பொண்ணுக்குக் கால்ல மோட்டாரு" என்பார்கள் வராந்தாவில் வெயில் காயும் அம்மாக்கள்.

அம்மா இருக்கும் முதியோர் இல்லம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், லாரிகள் திரும்பும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எல்லோரும் ஹோம் என்றுதான் சொல்வார்கள். பெண்களுக்கு ஒரு வராந்தா, ஆண்களுக்கு ஒரு வராந்தா, நடுவில் சாப்பாட்டுக் கூடம். காலையில் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துண்டு மத்தியானத்துக்குள் சாம்பலாகிவிடும். இரும்பு உருக்கும் ஆலைகளின் காற்று அப்படி. அதனால் அங்கே யாரும் வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்வதில்லை. அம்மாவுடையது ஊதா.

அவளாகத்தான் அங்கே போனாள். என் வீடு திருநின்றவூரில், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காலையில் ரயிலேறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவேன். கொஞ்ச நாள் என்னோடு இருந்து பார்த்தாள். "நீ போனப்புறம் இந்தச் செவுத்தாண்ட நான் இன்னாத்தப் பேசுறது? மனுசங்க இருக்கற எடமாப் பாரு" என்றாள். பார்த்தேன். பெட்டியை அவளே கட்டினாள். ஊதாத் துண்டு, பேன் சீப்பு, கால் தேய்க்கிற கல். கல்லை மட்டும் ஒரு காகிதத்தில் சுற்றி, தனியாக, கையில் வைத்துக்கொண்டாள்.

ஹோம் என்றால் வயதானவர்களை யாரோ பார்த்துக்கொள்ளும் இடம் என்றுதான் வெளியிலிருந்து நானும் நினைத்திருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஆளாளுக்குத் தன்னைத்தானே பார்த்துக்கொள்வதில் அவ்வளவு மும்முரம்! ஆண்கள் பக்கத்தில் ஒருவர் கையகலக் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் செருகி வைத்து, நடுங்கும் கையோடு, காலை முழுக்கச் சவரம் செய்வார். ஆயாவிடம் முகத்தைக் கொடுக்க மாட்டார். இங்கே ஒரு அம்மா சாப்பாட்டுக்கு முன்னால் போடும் மாத்திரையை வலது முந்தானை முடிச்சிலும் பின்னால் போடுவதை இடது முடிச்சிலும் முடிந்து வைத்திருப்பார். கண்ணில் சொட்டு மருந்து விட இரண்டு பேர் வேண்டும். நடுங்காத கை ஒருத்தரிடம் இருக்கும், மருந்து வேண்டிய கண் இன்னொருத்தரிடம். விட்டவர் உடனே "முழிக்காத, முழிக்காத" என்று அதட்டுவார். சாப்பிட்ட பிறகு எல்லோரும் வராந்தாவில் நடப்பார்கள். வேகமாக நடப்பவருக்கு மதிப்பில்லை. தடவிக்கொண்டு, சுவரைத் தொட்டுக்கொண்டு, ஆனாலும் நடப்பவருக்குத்தான் மதிப்பு. இதெல்லாம் யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு இந்தக் கூட்டத்தின் மேல் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் வார நாளிலும் லீவு போட்டுவிட்டு ஓடத் தொடங்கினேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. ஆம்புலன்ஸில் போனவர் திரும்பி வரவில்லை, மகன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்றார்கள். அந்த மகன் வந்து கூடத்தில் நின்று மேட்ரனைச் சத்தம் போட்டதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். மறுநாளே மேட்ரன் சொல்லிவிட்டார்: இனி இங்கே யாரும் தனியாகக் குளிக்கக் கூடாது. ஆயா குளிப்பாட்டிவிடுவார்.

அம்மா குளிக்கவில்லை.

சண்டை ஒன்றும் போடவில்லை. "நாளைக்கி", "இன்னிக்கி உடம்பு கதகதன்னுது", "வெந்நி பத்தாது, மத்தவங்க குளிக்கட்டும்" என்று ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்லி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு பவுடர் போட்டுக்கொண்டாள். நாலைந்து நாளில் மேட்ரன் எனக்கு போன் செய்தார். "உங்க அம்மா கிட்ட நீங்களே வந்து பேசுங்க மேடம். எங்களால முடியல."

மேட்ரன் தெற்கத்திக்காரர். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டிப்பானவர், நல்லவர். அவர் முன்னால் நான் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலோரம் நின்றேன்.

"நான் இன்னா பொறந்த கொயந்தையா, கயுவி வுடறதுக்கு?" என்றாள் அம்மா.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?" என்றார் மேட்ரன்.

"மேட்ரம்மா, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அந்தப் பொண்ணு மேலயும் இல்ல." ஆயா வள்ளூர்க்காரப் பெண், கணவர் அங்கே அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "அது பூ மாதிரி தேய்க்குது. அதான் பேஜாரு. அது தேய்ச்சா அழுக்கு போவும். எனக்கு எங்க வலிக்குது, எங்க மரத்துக் கெடக்குதுன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? குளிக்கிறப்பதான் நான் என்னப் பாத்துக்குறேன். கண்ணு மங்கிப்போச்சி. கைதான் பாக்குது."

அம்மாவின் கை என்ன பார்க்கும் என்று எனக்குத் தெரியும். பழவேற்காட்டு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அடியில் கிடக்கும் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்த பெண்களில் ஒருத்தி அவள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பத்து விரல். சேற்றுக்குள் ஒரு இறால் மூச்சு விட்டால் விரலுக்குத் தெரியும். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலையில் முடைந்த ஒரு கூடை, பறி என்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். வாயில் கயிறு இருந்தால் பேச முடியாது. பேசாமலும் இருக்க முடியாது. கலங்கிய தண்ணீரில் பள்ளம் எங்கே என்று யாருக்குத் தெரியும்? கால் வாரிவிட்டால் சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடுவார்கள். அதனால் ஊம். கயிற்றைக் கடித்தபடியே தொண்டைக்குள்ளிருந்து ஒரு ஊம். ஒருத்தி கொடுத்ததும் அடுத்தவள் கொடுப்பாள், அவளுக்கு அடுத்தவள், இப்படியே வரிசையாக ஏரி நெடுக. கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த எனக்கு, தண்ணீரே எதையோ யோசித்துத் தலையாட்டுவது போலிருக்கும். எந்தப் பக்கம் ஊம் நின்றதோ அந்தப் பக்கம் எல்லோரும் பறியை விட்டுவிட்டுப் பாய்வார்கள். கேள்வியே கிடையாது. இறால் போனால் போகட்டும்.

அதைத்தான் அம்மா மேட்ரனிடம் கேட்டாள்.

"வெளிய ஒரு நாக்காலி போடுங்க. ஒருத்தி உக்காந்து கத சொல்லட்டும். உள்ள இருக்கறவ ஊம் கொட்டிக்கினே குளிக்கட்டும். ஊம் நின்னா வந்து தூக்குங்க. தாப்பா வேணாம்."

மேட்ரன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எங்க ஏரியில ஒருத்தியையும் நாங்க வுட்டதில்ல" என்றாள் அம்மா.

பிறகு மேட்ரன் சொன்னார்: "சரிம்மா. செஞ்சு பாருங்க. ஆனா ஒரே ஒரு தடவை ஏதாச்சும் ஆச்சுன்னா, அதுக்கப்புறம் இந்தப் பேச்சே கிடையாது. ஆயாதான் குளிப்பாட்டும். ஒத்துக்கறீங்களா?"

"ஊம்" என்றாள் அம்மா.

அன்றைக்கே குளித்தாள். எவ்வளவு நேரம்! வெளியே வந்தபோது முகம் அவித்த பனங்கிழங்கு மாதிரி பளபளவென்று இருந்தது. வராந்தா முழுக்கச் சோப்பு வாசனை.

நாற்காலியில் உட்காரும் வேலைக்கு அவள் தேர்ந்தெடுத்தது பக்கத்துக் கட்டில்காரியை. பொதட்டூர்பேட்டைப் பக்கம் பிறந்து, இங்கே ஒரு ஆலை கேன்டீனில் ஆயுசு பூராவும் சமைத்தவர். அவரைக் கேன்டீன் அக்கா என்பார்கள். அகலமான உடம்பு, அதைவிட அகலமான குரல். கொதிக்கும் சாம்பார் அண்டாவின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல் அது. அவருக்குக் கதையா பஞ்சம்? அவர் அப்பா, அதாவது அவர் பாஷையில் நைனா, மாட்டு வியாபாரத்தில் ஏமாந்தது. கேன்டீனில் ஒருநாள் சோற்றுக்கு உப்பு இரண்டு தடவை விழுந்து ஷிப்டே நின்றது. உள்ளே அம்மா ஊம், ஊம் என்று தேய்த்துக்கொள்வாள். அடுத்து கேன்டீன் அக்கா குளிப்பார், அம்மா நாற்காலிக்கு வருவாள். அம்மாவின் கதைகள் எல்லாம் காற்று, நீரோட்டம், எந்த மாசத்தில் எந்த மீன் என்றிருக்கும். உள்ளே இருந்து வரும் ஊம்மில் லேசாகக் கொட்டாவி கலந்திருக்கும்.

மற்றவர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வராந்தா முழுக்க ஜோடிகள் சேர்ந்தன. ஒரு அம்மா வெளியே உட்கார்ந்து ஜெபமாலை சொல்ல, உள்ளே இருந்தவர், "ஜபத்துக்கு ஊம் கொட்டுனா சாமி கோச்சிக்காதா?" என்று கேட்க, அவர்கள் மட்டும் ஊம்முக்குப் பதிலாக ஆமென் என்று வைத்துக்கொண்டார்கள். வள்ளூர்ப் பெண் வேலை மிச்சம் என்று சிரித்தாள். ஆனாலும் குளியல் முடிகிற வரை வராந்தாவை விட்டு நகரமாட்டாள்.

பிறகு கேன்டீன் அக்கா தன் கல்யாணக் கதையைத் தொடங்கினார். அங்கேதான் வினை.

ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர். இராச் சாப்பாட்டுக்கு வருவார். மற்ற ஆண்கள் எல்லாம் சாப்பிட்ட தட்டை அப்படியே தொட்டியில் எறிந்துவிட்டுப் போக, இவர் மட்டும் குழாயடியில் நின்று தன் தட்டைக் கழுவி, துடைத்து, கொண்டுவந்து அடுக்கில் வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். வருஷக் கணக்கில் இப்படி. இவ்வளவுதான் விஷயம். இதை அந்த அம்மா நாளுக்கு ஒரு பிடி, நாளுக்கு ஒரு பிடி என்று அளந்து போட்டார். அந்தத் தட்டு எப்படி மின்னும், அவர் சட்டையில் எந்தப் பொத்தான் அறுந்திருக்கும், மழை நாளில் குழாயடியில் அவர் எப்படி நிற்பார். அம்மா அந்த நாட்களில் போனில் என்னிடம் வேறெதுவும் பேசவில்லை. "இன்னிக்கி அவரு வேட்டி கட்டிக்கினு வந்தாராம்" என்பாள். நான் ரயிலில் தொங்கிக்கொண்டு, "அப்புறம்?" என்பேன். குளிக்கும் நேரத்தில் மற்ற அறைக்காரர்களும் வராந்தாவில் வந்து உட்காரத் தொடங்கினார்கள். யாருக்கோ முருங்கைக்கீரை ஆய வேண்டும், யாருக்கோ தலை சிக்கெடுக்க வேண்டும். எல்லாம் அந்தக் கதவுக்கு எதிரில்தான்.

அன்றைக்கு நடந்தபோது நான் இல்லை. ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னதையெல்லாம் கூட்டித்தான் சொல்கிறேன்.

அம்மா உள்ளே. முகத்துக்குச் சோப்பு போட்டிருக்கிறாள். கேன்டீன் அக்கா வெளியே. கதை உச்சத்தில்.

"அன்னிக்கி கூட்டமே இல்ல யக்கா. அவரு தட்டக் கயுவுனாரு."

"ஊம்."

"தொடச்சாரு."

"ஊம்."

"அடுக்குல வெக்கல. கையில வச்சிக்கினு நேரா என்னாண்ட வந்தாரு. எனக்குக் கையி காலெல்லாம் உதறுது. வந்து நின்னாரு. என்னப் பாத்தாரு. பாத்துக்கினு, ஒண்ணு சொன்னாரு..."

கதை சொல்கிறவர்கள் அந்த இடத்தில் நிறுத்துவார்கள். யாராக இருந்தாலும் நிறுத்துவார்கள். அவரும் நிறுத்தினார்.

உள்ளே ஊம் இல்லை.

வராந்தாவில் கீரை ஆய்ந்த கை நின்றது. அவர்களுக்கும் அடுத்தது என்ன என்றுதான். கேன்டீன் அக்கா ஒருத்திக்குத்தான் அடுத்தது தெரியும். அதனால் அவர் காது மட்டும்தான் ஊம்முக்குக் காத்திருந்தது.

"யக்கா?"

இல்லை.

"யக்கோவ்!"

தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை.

"ஐயோ, போய்ட்டா! அக்கா போய்ட்டா மே!" என்று அந்தக் குரல் ஆண்கள் வராந்தா வரைக்கும், தொழிற்பேட்டையின் மதில் சுவர் வரைக்கும் போனது. அதே வேகத்தில், அத்தனை பெரிய உடம்போடு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

அம்மா கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். முகமெல்லாம் சோப்பு நுரை. ஒரு காதைக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். அந்தக் கிரேன்காரர் என்ன சொன்னார் என்பதில் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதென்று மூச்சைக்கூடப் பிடித்திருந்தாள்.

கதவு உள்பக்கம் திறக்கும் கதவு. நெற்றியில் மடேர் என்று விழுந்தது.

விழவில்லை அம்மா. சுவரில் பதித்திருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் வராந்தா மொத்தமும் வாசலில். வள்ளூர்ப் பெண், கீரைக்காரி, ஜெபமாலை, வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஒருத்தர். அம்மா நுரைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணைத் திறந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாளாம்.

"எல்லாரும் பாத்தாச்சா? சாத்துங்கடி கதவ!"

நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். மேட்ரன் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு உதறல். "நீங்க வந்துடுங்க மேடம். முடிவு பண்ணிடலாம்."

பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினேன். அத்திப்பட்டு தாண்டும்போது அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் ஜன்னலோடு கூடவே வந்தன, போகவே மாட்டேன் என்றன. அம்மா குளியலறைத் தரையில் கிடப்பதாக ஒரு படம் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. தலையைத் திருப்பினாலும் வந்தது. போதும், அந்தப் பெண்ணே குளிப்பாட்டட்டும் என்று மேட்ரனிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன். பொன்னேரியில் எந்தக் காரணமும் இல்லாமல் இறங்கி, நடைமேடையில் ஒரு டீ குடித்து, அடுத்த வண்டியில் ஏறினேன். அந்த வாக்கியத்தோடு அம்மாவைப் பார்ப்பதை அவ்வளவு நேரமாவது தள்ளிப்போட்டால் நல்லது போலிருந்தது.

அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணியில் சுற்றிய ஐஸ். பக்கத்துக் கட்டிலில் கேன்டீன் அக்கா, முதல் தடவையாக வாயைத் திறக்காமல், கொலை செய்துவிட்ட முகத்தோடு. மேட்ரன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்னீங்க" என்றாள் அம்மா.

"எனக்கு மட்டும் உங்கள அழ வைக்க ஆசையா? அந்தம்மா விழுந்தப்ப நான்தான் தூக்கினேன். அவங்க கால் திரும்பிக் கெடந்த விதம் இன்னும் என் கண்ணுலயே நிக்குது. இன்னொரு தடவை என்னால தூக்க முடியாதும்மா."

ரயிலில் தயார் செய்த வாக்கியத்தைச் சொல்ல இதுதான் இடம். "மேடம், நான் என்ன நெனைக்கிறேன்னா..." என்று தொடங்கினேன்.

"நீ சும்மா இரு" என்றாள் அம்மா. ஐஸை எடுத்தாள். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். "ஏ, இவளே. அவரு இன்னா சொன்னாரு?"

"யக்கா, இப்பப் போயி..."

"அடி வாங்குனது நானு. சொல்லு. இன்னா சொன்னாரு?"

கேன்டீன் அக்கா மேட்ரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தார்.

"உப்பு கம்மின்னாரு."

"இன்னாது?"

"அதான் யக்கா. சாம்பார்ல உப்பு கம்மின்னாரு. அத்தினி வருசத்துல அது ஒண்ணுதான் வாயத் தொறந்து சொன்னது. தட்ட என் கையில குடுத்துட்டுப் பூட்டாரு."

"அப்புறம்?" என்று ஒரு குரல் கேட்டது.

கேட்டது மேட்ரன்.

கேட்ட பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கதவோரம் நின்ற வள்ளூர்ப் பெண்ணும் சிரித்தாள், பிறகு அம்மா, நெற்றி வலிக்க வலிக்க. கேன்டீன் அக்கா மட்டும் சிரிக்காமல், "அப்புறம் இன்னா, மறுநாளு நானு உப்ப அள்ளிப் போட்டேன், கண்ணாலம் ஆச்சி" என்று முடித்துவைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் மேட்ரன் சொன்னார்: "நானும் டியூட்டி ரூம் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். தினமும்தான் கேக்கறேன். எனக்கும் ஊம் நின்னது தெரியல." அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். "அதுதான் எனக்குப் பயமா இருக்கு. இத்தனை பேர் இருந்தோம். கதை சொன்னவங்களத் தவிர ஒருத்தருக்கும் தெரியல."

அதில் நியாயம் இருந்தது. அம்மாவுக்கும் அது தெரிந்தது. ஐஸ் உருகிக் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் யோசித்தாள்.

"கத நல்லாருந்தா வுட்ருவோம் போலகீது" என்றாள் மெதுவாக. "ஏரியில கதயே கெடையாது. வெறும் ஊம்தான். நான் அத மறந்துட்டேன்."

பிறகு அவள் மேட்ரனிடம் கேட்டது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. கெஞ்சவில்லை. பேரம் பேசுகிற குரலும் இல்லை. மார்க்கெட்டில் நின்று மீனின் செவுளைத் தூக்கிக் காட்டுகிற குரல். வலது காலை மேட்ரன் பக்கம் நீட்டினாள். சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பிரித்துக் காட்டினாள். பருப்பளவு ஒரு கொப்புளம்.

"இது இன்னிக்கி குளிக்கிறப்ப கையில தட்டுச்சி. வலி இல்ல. சக்கர ஒடம்புக்கு வலிக்காது, உங்களுக்குத் தெரியும். சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள கதவு வந்து இடிச்சிடுச்சி. இனிமே எல்லாத்தயும் அந்தப் பொண்ணே பாக்கட்டும்னு சொன்னா, பாக்கும், நல்லாவே பாக்கும். ஆனா நாளிக்கு இந்தக் கைக்கு வேல இல்லன்னு ஆயிடும். வேல இல்லாத கை மறந்துடும் மேட்ரம்மா. அப்புறம் என் காலு யாரு காலோ ஆயிடும்."

மேட்ரன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து அந்த விரலைப் பார்த்தார். பஞ்சும் மருந்தும் கொண்டுவரச் சொன்னார். அவரே துடைத்து மருந்து வைத்தார். நான் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். என்னிடமிருந்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது.

"கதவ மாத்தறேன்" என்றார் கடைசியில். "வெளிப்பக்கம் திறக்கற மாதிரி. அது எப்பவோ செஞ்சிருக்கணும். ஸ்டூல் போட்டு உக்காந்துதான் குளிக்கணும், நிக்கவே கூடாது. காதை வச்சு ஒட்டுக் கேக்கறது அறவே கூடாது."

"ஊம்."

"ஆயா வராந்தாவுல இருப்பா."

"இருக்கட்டும். நல்ல பொண்ணு."

"அப்புறம், நாற்காலியில யாரு உக்காரணும்னு நான்தான் சொல்வேன்." கேன்டீன் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க கிடையாது."

"மேடம்!"

"நல்லா கதை சொல்ற யாருமே அந்த நாற்காலியில உக்காரக் கூடாது. கதைய எல்லாம் சாப்பிட்ட அப்புறம் கூடத்துல வச்சுக்குங்க. குளிக்கிற நேரத்துல கேக்கறதுக்குச் சலிப்பா எதையாவது பேசுங்க போதும்."

வராந்தாவில் அன்றைக்கெல்லாம் அதே பேச்சு. யாருடைய பேச்சு சலிப்பு என்று ஆளுக்கு ஆள் மற்றவரைக் காட்டினார்கள். சீரியல் கதை வேண்டாம், அதில் என்ன நடக்குமோ என்று மனது போய்விடும். ஜெபமாலை அம்மா தூங்கிவிடுகிறார். ஒரு அம்மாவுக்குத் தன் மருமகளைப் பற்றி மட்டும்தான் பேச வரும். அது எல்லோருக்கும் பிடிக்கும், அதனால் ஆகாது. கடைசியில் வார நாட்களுக்கு, சாமான் விலை ஏறியதை மட்டுமே பேசும் ஒரு அம்மாவைப் பிடித்தார்கள்.

"ஞாயித்துக்கெயம இவ வராளே" என்றாள் அம்மா, என்னைக் காட்டி. "இவ என்னென்னவோ எயுதுறா. ஒரு தபா படிச்சிக் காட்டுனா. மேகம்ன்றா, ரயிலுன்றா, ஒருத்தரும் ஒண்ணும் செய்யமாட்டாங்க அதுல. அது சரியா இருக்கும்."

மேட்ரன் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பரிதாபமாகவும் நன்றியோடும்.

கதவு மாற்றி முடித்த வாரத்தின் ஞாயிறு. புது கீல், புது பெயின்ட் வாசனை. அம்மா தோளில் ஊதாத் துண்டு, கையில் கல். நெற்றி வீக்கம் வற்றி மஞ்சளாகியிருந்தது. அவள் உள்ளே போனாள். ஸ்டூல் இழுபடும் சத்தம். மேட்ரன் டியூட்டி ரூம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வள்ளூர்ப் பெண் தூணோரம். கேன்டீன் அக்கா, தடை விதிக்கப்பட்டவர், தள்ளி உட்கார்ந்து எனக்குச் சைகை காட்டினார்: நல்லா படிக்காதே.

நான் காகிதத்தைப் பிரித்தேன். எழுதி முடிக்காத ஒன்று. மழைக்கு முன்னால் தண்டவாளத்தின் நிறம் மாறுவதைப் பற்றி.

படித்தேன். ஊம். அடுத்த வரி. ஊம். மக்கில் மோந்து ஊற்றும் சத்தம், ஊம். நான் உயிரைக் கொடுத்து எழுதிய இடத்தில் ஒரு ஊம், கமாவில் ஒரு ஊம். முதுகுக்குப் போயிருக்கிறாள், மூச்சு வாங்குகிறது, ஆனாலும் ஊம். கல்லை எடுத்துவிட்டாளா? வளையல் இன்னும் இடிக்கவில்லை. கேன்டீன் அக்கா தலையாட்டிப் பாராட்டினார். மேட்ரனின் கட்டிய கை தளர்ந்து பக்கவாட்டில் இறங்கியது.

மூன்றாவது பக்கத்தில் ஒரு சொல் உறுத்தியது. வாய்விட்டுப் படிக்கும்போதுதான் அதெல்லாம் தெரியும். அந்த இடத்தில் அது வேண்டாம், வேறு ஏதோ ஒன்று வேண்டும், நாக்கு நுனியில் இருக்கிறது, வர மாட்டேன் என்கிறது. எழுந்தேன். தூண் வரைக்கும் போனேன். பேனா எங்கே? பையில். பை எங்கே?

மடார் என்று புதுக் கதவு வெளிப்பக்கம் திறந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அம்மா கதவைத் தள்ளியிருந்தாள். துண்டை மார்போடு வாரிச் சுற்றியிருந்தாள். ஒரு காலில் நுரை. கண் என்னைத் தேடியது. மங்கிய கண்ணானாலும் நாற்காலி காலி என்பது தெரிந்துவிட்டது.

"ஏ கண்ணு! எங்க போன? சத்தத்தக் காணோம்!"

அந்தக் குரலில் இருந்த பதற்றத்தில் நான் தூணோரமே நின்றுவிட்டேன். மேட்ரன் ஓரடி முன்னால் வைத்தவர் நின்றார்.

"இங்கதாம்மா இருக்கேன். ஒரு வார்த்த யோசிச்சிக்கினு இருந்தேன்."

"யோசிச்சா வாய் தொறந்து யோசி. நான் இன்னான்னு நெனைக்கிறது?" துண்டை இன்னும் இறுக்கினாள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. "வந்து உக்காரு. படி. எனக்கு இன்னும் காலு பாக்கி."